இடைக்கால வியூக விளையாட்டுகளில் வரலாற்றுக் கொடியவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கிஸ்கான், அட்டிலா, தைமூர், கழுவேற்றும் விளாட். இவர்கள் எல்லாம் கணினி விளையாட்டுகளில் வருகிறார்களா, எப்படி வருகிறார்கள், நாமே அவர்களாக விளையாட முடியுமா என்று என்னிடம் பலர் கேட்டதுண்டு. இந்த வகை விளையாட்டுகளில் கணக்கில்லாத இரவுகளைத் தொலைத்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், வருகிறார்களா?

வருகிறார்கள். ஓரமாக வந்துபோவதுகூட இல்லை, பல இடங்களில் கதாநாயகனே அவர்கள்தான். 1999-ல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ன் முதல் பதிப்பிலேயே செங்கிஸ்கானுக்குத் தனித் தொடர் (கதையாக அடுத்தடுத்து ஆடும் கட்டங்கள்) இருந்தது. அடுத்த ஆண்டு வந்த 'தி காங்கரர்ஸ்' விரிவாக்கத்தில் அட்டிலா சேர்ந்தார். 2013-ல் விளாட் டிராகுலா, 2019-ல் தைமூர். ஊரைக் கொளுத்தியவர்கள் ஒருவர் விடாமல் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

'இடைக்கால வியூக விளையாட்டு' என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

தோராயமாக ரோம் சரிந்ததிலிருந்து 1500-ஐ ஒட்டிய காலம் வரை நடக்கிற, படை திரட்டி நாடு பிடிக்கிற விளையாட்டுகளை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, மெடீவல் 2: டோட்டல் வார், குருசேடர் கிங்ஸ், ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடர் ஆகியவை முக்கியமானவை. அட்டிலா ஐந்தாம் நூற்றாண்டு ஆள், கறாராகப் பார்த்தால் இடைக்காலத்தின் வாசற்படியில் நிற்பவர். விளையாட்டுக்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, நானும் விட்டுவிடுகிறேன்.

அட்டிலாவாக விளையாடும்போது அவர் செய்த கெட்ட காரியங்களை நாமே செய்ய வேண்டுமா?

முதல் கட்டமே அதில்தான் தொடங்குகிறது. அட்டிலாவுக்கு ப்ளெடா என்று ஓர் அண்ணன். ஹூணர்களை இருவரும் சேர்ந்து ஆண்டார்கள். 445 வாக்கில் ப்ளெடா இறந்தார். தம்பிதான் சூழ்ச்சி செய்து கொன்றார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் ஜோர்டானஸ் எழுதினார். எப்படிக் கொன்றார் என்ற விவரம் இல்லை.

விளையாட்டு அந்த இடைவெளியை நம் கையில் கொடுத்துவிடுகிறது. முகாமில் அண்ணன் குதிரைமேல் நிற்கிறார். அவரைக் கொன்று முகாமைப் பிடிக்கலாம். அல்லது நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறித் தனியாகத் தலையெடுக்கலாம். வரைபடத்தில் ஒரு முரட்டுக் காட்டுப்பன்றியும் திரிகிறது. அண்ணனை அதனிடம் மாட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ளலாம். நான் முதல் தடவை யோக்கியனாக வெளியேறினேன். இரண்டாம் தடவை பன்றி. மூன்றாம் தடவை விளையாடியபோது யோசிக்கக்கூட இல்லை, வந்தவுடன் வாளை எடுத்துவிட்டேன். ஜோர்டானஸ் சொன்ன அந்த ஒரு வரி எனக்கு உறைத்தது அப்போதுதான்.

டிராகுலா ரத்தக்காட்டேரியாக வருகிறாரா?

இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் வருபவர், இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாட். ரத்தம் குடிக்கும் பிரபு 1897-ல் வந்த ஒரு நாவலின் கற்பனை.

உண்மையான விளாடின் கதைக்குக் கற்பனையே தேவையில்லை. அப்பாவுக்கு 'டிராகன்' என்று பெயர் கொண்ட வீரர் அமைப்பில் இடம் கிடைத்ததால் அவர் டிராகுல், மகன் டிராகுலா. சிறு வயதில் விளாடும் தம்பி ராடுவும் ஒட்டோமான் சுல்தானிடம் பிணையாக வளர்ந்தார்கள். 1448-ல் விளாட் முதல்முறை அரியணை ஏறியதே ஒட்டோமான் தயவில்தான். அதே விளாட் 1462 ஜூனில் சுல்தான் இரண்டாம் மெஹ்மெதின் முகாமுக்குள் இரவில் புகுந்து தாக்கினார். சுல்தான் படை தலைநகர் தர்கோவிஷ்டேவை நெருங்கியபோது வழியில் ஒரு காடு. மரங்களுக்குப் பதில் கழுமரங்கள். இருபதாயிரம் உடல்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் கால்கொகொண்டிலஸ் எழுதினார். எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்காக இருக்க வாய்ப்பில்லைதான், ஆனால் கழுவேற்றியது உண்மை.

விளையாட்டில் கழுவேற்றிய உடல்கள் வரைபடத்தில் பொம்மைகளாக நிற்கும். நாம் போய்க் கழுவேற்ற வேண்டியதில்லை. இரவுத் தாக்குதலும் தம்பியோடு பகையும்தான் நமக்கு வேலை. அதாவது வீரம் நம் பங்கு, கொடூரம் பின்னணி அலங்காரம். இந்தப் பாகப்பிரிவினையை மற்ற விளையாட்டுகளிலும் பார்ப்பீர்கள்.

இன்னொன்று. விளாடின் கெட்ட பேருக்குப் பாதிக் காரணம் அச்சுக்கூடம். அச்சு புதிதாக வந்த காலம் அது. திரான்சில்வேனியாவின் ஜெர்மானிய வணிக நகரங்களோடு அவருக்குத் தகராறு. விளைவு, அவர் அட்டூழியங்களைப் பற்றிய ஜெர்மன் துண்டுநூல்கள் சக்கைப்போடு போட்டன. ருமேனியாவில் பலர் அவரைத் துருக்கியரை எதிர்த்து நின்ற கண்டிப்பான அரசராகவே நினைக்கிறார்கள்.

கொடியவர்கள் எதிரிகளாகவும் வருவார்களா, எப்போதும் நாயகர்களா?

எதிரியாக வருபவர்களில் எனக்குப் பிடித்தமான ஆள் ரேனால்ட் டி ஷாட்டியோன் என்ற பிரெஞ்சுச் சிலுவைப்போர் வீரர். சிலுவைப்போர் காலத்தில் இவரைப் போல இரு தரப்புக்கும் தலைவலியாக இருந்தவர் குறைவு. அந்தியோக்கியாவில் ஆட்சிக்கு வந்த புதிதில், பணம் தர மறுத்த திருச்சபைத் தலைவர் எமெரியை அடித்து, காயத்தில் தேனைத் தடவி, கோட்டை உச்சியில் வெயிலில் உட்கார வைத்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர், டயர் நகர வில்லியம் எழுதியிருக்கிறார். ஈ மொய்க்கட்டும் என்றுதான். அடிபட்டவர் சொந்த மதத்தின் தலைமைக் குரு என்பதைக் கவனியுங்கள். பின்னாளில் 1182-83 குளிர்காலத்தில் செங்கடலில் கப்பல்களை இறக்கி ஹஜ் பயணப் பாதையிலேயே கொள்ளையடித்தார்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல், சிலுவைப்போரில் முஸ்லிம் தரப்பை நடத்திய சுல்தான் சலாதீனின் தொடரில் இரண்டாம் கட்டம் முழுக்க இவரோடு மல்லுக்கட்டுவதுதான். வரலாற்றில் இவர் கதை முடிந்தது 1187 ஜூலை 4, ஹத்தீன் போருக்குப் பின். சிறைபிடித்த ஜெருசலேம் மன்னர் கை டி லூசிக்னானுக்கு சலாதீன் குளிர்ந்த நீர் கொடுத்தார். மன்னர் குடித்துவிட்டுக் கிண்ணத்தை ரேனால்டிடம் நீட்டினார். நீர் கொடுத்தால் உயிருக்கு அடைக்கலம் கொடுத்ததாக அர்த்தம் என்பது வழக்கம். "இவனுக்குத் தண்ணீர் கொடுத்தது நான் இல்லை" என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சலாதீன் தன் கையாலேயே அவரை வெட்டினார்.

ஒரே ஆள் ஒரு விளையாட்டில் எதிரி, இன்னொன்றில் நம் தலைவர் என்பதும் உண்டு. மெக்சிகோவைப் பிடித்த எர்னான் கோர்ட்டெஸ், அஸ்டெக் மன்னர் மொன்டெசூமாவின் தொடரில் வில்லன். 2007-ல் வந்த மெடீவல் 2-ன் 'கிங்டம்ஸ்' விரிவாக்கத்தில் அவருடைய ஸ்பானியப் படையையே நாம் நடத்தலாம்.

தைமூர்?

இரண்டு விதமாக வருகிறார். மெடீவல் 2-ல் அவர் ஆள் இல்லை, புயல். நீங்கள் பாட்டுக்குச் சந்தை கட்டி, மகளுக்கு வரன் பார்த்து, நிம்மதியாக இருப்பீர்கள். ஆட்டத்தின் பிற்பகுதியில் கிழக்கு ஓரத்தில் திடீரென்று தைமூரியப் படைகள் முளைக்கும். முதுகில் பீரங்கி வைத்த யானைகளோடு. அதற்கு முன்பே மங்கோலியர் ஒரு சுற்று வந்து போயிருப்பார்கள். சமாதானம் பேசப் போன என் தூதர் ஒருவரும் உருப்படியான பதிலோடு திரும்பியதில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் அவரே நாயகர். டெல்லிப் படையெடுப்பும் 1402 அங்காரா போரும் அதில் உண்டு. டெல்லி சுல்தானின் யானைகளை மிரட்ட, ஒட்டகங்கள்மேல் வைக்கோலை ஏற்றித் தீ வைத்து விரட்டினார் தைமூர் என்று ஒரு கதை சொல்வார்கள். விளையாட்டில் தைமூரின் தரப்பான தாத்தாரியர்களுக்கு 'தீ ஒட்டகம்' என்றே ஒரு படைப்பிரிவு இருக்கிறது. ஓடிப்போய் வெடிக்கும். பாவம் ஒட்டகம்.

ஆனால் 1398 டிசம்பரில் டெல்லிக்கு வெளியே, போருக்கு முன் நடந்த கைதிகள் படுகொலையை விளையாடித் தீர்க்க முடியாது. லட்சம் பேர் என்று தைமூரின் புகழ்பாடும் நூல்களே சொல்கின்றன. பெருமையாகச் சொல்கின்றன என்பதுதான் வயிற்றைப் புரட்டுகிறது.

அப்படியானால் கொடுமையையே இந்த விளையாட்டுகள் காட்டுவதில்லையா?

காட்டுகின்றன, வேறு வழியில். ஆளை வில்லனாக்காமல் பொத்தானை வைத்துவிடுகிறார்கள். அழுத்துவது நாம்.

மெடீவல் 2-ல் ஒரு நகரைப் பிடித்ததும் மூன்று தேர்வுகள் வரும். அமைதியாக ஆக்கிரமிக்கலாம், சூறையாடலாம், மக்களை அழித்தொழிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பொன் கிடைக்கும், எத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்குப் பக்கத்திலேயே இருக்கும். போரில் சிக்கிய கைதிகளுக்கும் மூன்று தேர்வுகள்: விடுவி, மீட்புத் தொகை கேள், கொல். விடுவித்துக்கொண்டே இருந்தால் உங்கள் தளபதிக்கு 'வீரப்பண்பு' ஏறும். கொன்றுகொண்டே இருந்தால் 'பயங்கரம்' ஏறும். பயங்கரம் மிகுந்த தளபதியைப் பார்த்தால் எதிரிப் படையின் மனவுறுதி ஆட்டம் காணும். ஆக இரண்டுமே லாபம். விளையாட்டு உங்களைத் திட்டாது.

ஒருமுறை நான் கருணையான தளபதி ஒருவரைப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். ஒரு போரில் நூற்றுக்கணக்கான கைதிகள். சும்மா விட மனமில்லை, கஜானா காலி. கொல்லவும் மனமில்லை. சரி, மீட்புத் தொகை கேட்போம் என்று அழுத்தினேன். எதிரி அரசர் தர மறுத்துவிட்டார். மறுத்தால் என்ன ஆகும் என்று நான் படித்திருக்கவில்லை. கைதிகள் அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள்.

சில மாதம் கழித்து, சிலுவைப்போருக்குப் போன இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னரைப் பற்றிப் படித்தபோது திக்கென்றது. 1191-ல் பாலஸ்தீனக் கரையிலிருந்த ஏக்கர் (Acre) கோட்டையைப் பிடித்ததும் கைதிகளுக்காக சலாதீனிடம் பெரும் தொகையும் வேறு சிலவும் கேட்டார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஆகஸ்ட் 20 அன்று ஏறத்தாழ 2,700 கைதிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றார். நான் அழுத்திய அதே பொத்தான்.

ஸ்ட்ராங்ஹோல்ட் இன்னும் நேரடி. கோட்டைக்குள் தூக்குமேடையும் சிறைக் கொட்டடியும் கட்டினால் தொழிலாளர்கள் பயந்து கூடுதலாக வேலை செய்வார்கள், வீரர்களின் உற்சாகம் குறையும். பூங்கா கட்டினால் நேர்மாறு. கொடுங்கோன்மையை ரொட்டிக் கணக்காக மாற்றிக் காட்டுகிறார்கள். குருசேடர் கிங்ஸ் 3 மனசுக்குள் போகிறது. உங்கள் அரசர் இரக்க குணம் உள்ளவர் என்றால் ஒருவரைக் கொல்ல ஆணையிட்டதும் அவருக்கு மன அழுத்தம் ஏறும். குரூர குணம் என்றால் அதே ஆணையில் அழுத்தம் இறங்கும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இதை மற்றவற்றைவிட உயர்வாக வைப்பேன்.

கதாநாயகர்களாக வருபவர்களாவது நல்லவர்களா?

ரிச்சர்டைப் பார்த்தோம். ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடரில் அவர் கம்பீரமான சிங்கநெஞ்சர். ஸ்பெயினின் புகழ்பெற்ற வீரர் எல் சித்தும் அப்படித்தான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் அவர் கதையை மனைவி சிமேனாவே உருக்கமாகச் சொல்கிறார். அரசர் நாடுகடத்திய பிறகு சரகோசாவின் முஸ்லிம் ஆட்சியாளருக்காக எல் சித் போரிட்டதும் அதில் வருகிறது. 1094-ல் வலென்சியாவைப் பிடித்த பிறகு, அந்நகரை ஆண்ட காஜி (இஸ்லாமிய நீதிபதி) இப்னு ஜஹ்ஹாஃபை உயிரோடு எரித்ததை மனைவி எப்படிச் சொல்வார்?

பெண்களில் யாராவது உண்டா?

யோதித். எத்தியோப்பிய மரபில் குதித் என்றும் சொல்வார்கள். பத்தாம் நூற்றாண்டில் அக்சும் நாட்டைத் தகர்த்து, தேவாலயங்களை எரித்த ராணி என்று அங்கே இன்றும் கசப்போடு நினைவில் வைத்திருக்கிறார்கள். 2015-ல் வந்த ஆப்பிரிக்க விரிவாக்கம் அவரை அநியாயமாக விரட்டப்பட்ட இளவரசியாக எடுத்துக்கொண்டு, பழிவாங்கத் திரும்பி வருவதாகக் கதை சொல்கிறது. துணிச்சலான தேர்வு. ஜோன் ஆஃப் ஆர்க் கதையைவிட இதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம்.

ராஜேந்திர சோழனும் வருகிறாராமே, அவரை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கிறீர்கள்?

நான் சேர்க்கவில்லை, நீங்கள் யார் என்பதைப் பொறுத்து அவரே சேர்ந்துவிடுகிறார். 2022-ல் வந்த இந்திய வம்சங்கள் விரிவாக்கத்தில் அவருக்குத் தொடர் உண்டு. நம் தரப்புக்குப் பெயர் திராவிடர். கடற்படை பலம், குதிரைப்படை சுமார். 'திரிசடை' என்று ஒரு கப்பல், 'உருமி' வீரர் என்று ஒரு காலாள். சுருள்வாளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், உறுமி மேளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் குழப்பிக்கொண்டேன்.

1025-ன் ஸ்ரீவிஜயப் படையெடுப்பு நமக்குப் பெருமை. கடாரம் கொண்டான் என்று சொல்லும்போதே நெஞ்சு நிமிரும். இலங்கைக்குப் போனால் கதை வேறு. 1017-ல் சோழர் படை மன்னர் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனது, அவர் சிறையிலேயே இறந்தார். அந்தப் படையினர் விகாரைகளை உடைத்து, ரத்தம் குடிக்கும் யட்சர்களைப் போல நாட்டின் செல்வத்தை உறிஞ்சினார்கள் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் எழுதுகிறது. டிராகுலா யார் என்பது எந்த ஏட்டைப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தமிழில் இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. 'ராஜேந்திரன் வென்றான்' என்று எழுதிப் பாருங்கள். அந்த 'ஆன்' உரிமையோடு வருகிறது. 'தைமூர் கொன்றான்' என்று எழுதுங்கள். அதே 'ஆன்' இப்போது காறித் துப்புகிறது. தாஷ்கண்டில் தைமூருக்கு நகரின் நடுவே குதிரைமேல் சிலை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் 'ஆர்' போட்டிருக்கிறேன். விளாடுக்குப் போடும்போது கொஞ்சம் கை கூசியது.

ஓடா நொபுநாகா?

உண்டு, அவர் பெயரிலேயே 1983 முதல் ஒரு ஜப்பானிய விளையாட்டு வரிசை ஓடுகிறது. 1571-ல் ஹியெய் மலை மடாலயத்தை எரித்து உள்ளிருந்தவர்களைக் கொன்றவர். கொஞ்சம் பிந்திய காலம் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

ஹிட்லர் வருவாரா?

இடைக்கால விளையாட்டில் அவருக்கு என்ன வேலை? ரசிகர்கள் தாங்களாகச் செய்து சேர்க்கும் மாற்றுக்கோப்புகளில் எதுவும் வரலாம், அது தனிக் கதை. ஆனால் கேள்விக்குள் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது. எல்லாக் காலத்தையும் கலக்கும் சிவிலைசேஷன் வரிசையில், 1991-ன் முதல் விளையாட்டிலேயே செங்கிஸ்கானும் ஸ்டாலினும் மாவோவும் தலைவர்கள். ஜெர்மனிக்கு மட்டும் ஃபிரெடெரிக். பாதிக்கப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உயிரோடு இருக்கும்போது ஒருவரைப் பொம்மையாக்கக் கை நடுங்கும், சரிதான். ஸ்டாலினுக்கு ஏன் நடுங்கவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எட்டு நூற்றாண்டு ஆகிவிட்டால், மங்கோலியர் அழித்த பாரசீக நகரான நிஷாபூரில் செத்தவர்களுக்காக யாரும் புகார் எழுதுவதில்லை.

இவற்றை விளையாடி வரலாறு படித்துவிடலாமா?

பெயர்களும் இடங்களும் மனதில் ஒட்டிக்கொள்ளும். வரைபடம் நன்றாகப் பதியும். தேதி, காரணம், யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதற்கெல்லாம் புத்தகத்தைத்தான் பிடிக்க வேண்டும். குருசேடர் கிங்ஸில் 1066-ல் தொடங்கி இரண்டு தலைமுறை ஓட்டினால் அதற்கப்புறம் நடப்பது எதுவும் உலகத்தில் நடந்ததில்லை.

நான் தேடும் கொடியவர் எதிலும் இல்லை. என்ன செய்வது?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் களம் அமைக்கும் கருவி கூடவே வருகிறது. நிலம், கோட்டை, ஆள், வசனம் எல்லாம் நீங்களே வைக்கலாம். குருசேடர் கிங்ஸ் 3-ல் முகம் முதல் குணம் வரை ஓர் அரசரை உருவாக்கிக்கொள்ளலாம். நான் அப்படி ரேனால்டை உருவாக்கினேன். பேராசை, குரூரம் எல்லாம் போட்டு. ஐந்தே வருடத்தில் அவருடைய சிற்றரசர்கள் ஒன்று சேர்ந்து கிளர்ந்தெழுந்து அவரைச் சிறையில் போட்டுவிட்டார்கள்.

முதலில் எதைத் தொடலாம்?

அட்டிலாவின் முதல் கட்டம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ன் 2019 பதிப்பில் அவரும் டிராகுலாவும் யோதித்தும் தைமூரும் அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறார்கள், ராஜேந்திரனுக்கு மட்டும் விரிவாக்கம் தனியாக வாங்க வேண்டும். பன்றி எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.